ஊசிக் காதும் நாற்பது வயதும்

எங்கள் பெரியம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். இருபது வருசமாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர். நாற்பத்திரண்டு வயதில் ஒருநாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கையூசி என்றால் தள்ளிப் பிடித்துப் பார்க்கலாம். மெஷின் ஊசி நகராதே! கிட்டப் போனால் ஊசிக் காது கலங்குகிறது. தலையைப் பின்னுக்கு இழுத்தால் கை எட்டவில்லை. பக்கத்து மெஷின் பெண்ணைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது: “ஏங் கண்ணு, இதக் கொஞ்சம் கோத்துக் குடு சாமி.” பீஸ் ரேட் வேலையில் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் இரண்டு பேருக்கும் காசு போகிறது.

இதற்கு நம்மிடம் நல்ல பெயர்கள் உண்டு: வெள்ளெழுத்து, சாளேசரம். மராத்தியில் ‘சாளீசி’ என்றாலே நாற்பது வயதும் உண்டு, மூக்குக் கண்ணாடியும் உண்டு. 

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைப்பதில் பெரும்பங்கு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கண்ணின் முன்புறம் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் கார்னியாவுடையது. ஆனால் அதன் வளைவு மாறாது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாற்றி மாற்றிச் சரிசெய்வது அதன் பின்னால் இருக்கும் லென்ஸ். அவரை விதையளவுதான் இருக்கும், குறுக்கே ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இதைச் செய்வது லென்ஸ்தான் என்று 1801இல் காட்டியவர் தாமஸ் யங். கண்ணைத் தண்ணீருக்குள் வைத்துக் கார்னியாவின் வளைக்கும் வேலையை இல்லாமல் ஆக்கினார். அப்போதும் கிட்டப் பார்க்கும் திறன் அப்படியே இருந்தது.

லென்ஸ் எப்படித் தொங்குகிறது என்பதற்கு நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் சட்டம், அதிலிருந்து உள்நோக்கி இழுத்துக் கட்டிய கயிறுகள், நடுவில் லென்ஸ். கயிறுகள் விறைப்பாக இருக்கும்போது லென்ஸ் தட்டையாகும், தூரம் தெளியும். இங்கே சட்டமே தசை. அது இறுகினால் வட்டம் சுருங்குகிறது, கயிறுகள் தளர்கின்றன, லென்ஸ் தன் இயல்பில் உப்புகிறது, ஊசிக் காது தெளிகிறது. தசை லென்ஸைப் பிடித்து இழுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். நடப்பது நேர்மாறு. 1855இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை விளக்கினார்.

பிறகு ஏன் நாற்பதில் தகராறு? தோல் உரியும், நகம் வளர்ந்தால் வெட்டிவிடுகிறோம். லென்ஸிலிருந்து எதுவும் வெளியேற வழியில்லை. ஓர் உறைக்குள், சின்ன வெங்காயம் போல, ஆயுள் முழுக்க மேலே மேலே புது அடுக்குகள் சேர்கின்றன. நடு மையத்தில் இருப்பவை நாம் பிறப்பதற்கு முன்பே உருவான இழைகள். பழைய அடுக்குகள் நெருங்கி நெருங்கி இறுக, லென்ஸ் விறைக்கிறது. கயிறு தளர்ந்தாலும் அது உப்புவதில்லை. பத்து வயதுப் பிள்ளை 7, 8 சென்டிமீட்டரில் வைத்துப் படித்துவிடும். ஐம்பதில் அரை மீட்டர் தள்ளிப் பிடிக்கவேண்டி வருகிறது. டிவியோ செல்போனோ இதைக் கொண்டுவரவில்லை. ‘கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்’ என்று பயந்து தள்ளிப்போடுகிறார்களே, அந்தப் பயத்துக்கும் ஆதாரம் இல்லை. போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் விறைக்கத்தான் போகிறது.

பெரியம்மாவும் இரண்டு வருசம் தள்ளிப்போட்டார். ‘வயசாயிருச்சு’ என்று சூப்பர்வைசர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சம். நூலை நம்பிப் பிழைக்கும் நம் பக்கத்தில், சிறுமுகையில் தறி போடுகிறவருக்கும் பனியன் செக்கிங்கில் பிசிர் வெட்டுகிற பெண்ணுக்கும் இந்த அச்சம் கூலிக் கணக்கு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது தாண்டிய 751 தொழிலாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்தது. கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். வால்பாறையில் கொழுந்து கிள்ளும் விரல்களுக்கும் இதே கண்தான் வழிகாட்டுகிறது.

பெரியம்மா கடைசியில் ஒரு முகாமில் கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்கினார். தெருவோரக் கடையில் எடுத்து மாட்டினாலும் எழுத்து தெரியும். ஆனால் கண்ணின் அழுத்தமும் சர்க்கரையால் விழித்திரைக்கு வந்த சேதமும் பரிசோதித்தால்தான் தெரியவரும்.

அறுபதைத் தாண்டியவர் வீட்டில் ஒரு அதிசயம் நடப்பதுண்டு. “எங்க அப்பாரு இப்பெல்லாம் கண்ணாடி இல்லாமயே பேப்பர் படிக்கறாருங்க” என்று பெருமையாகச் சொல்வார்கள். பார்வை திரும்பிவிடவில்லை. லென்ஸின் நடுப்பகுதியில் புரை விழத் தொடங்கும்போது அது ஒளியைக் கூடுதலாக வளைக்கிறது. கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் மங்கல். அப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது. 1997இல் கோவைக்கும் வந்தது. அவர்களுடைய ஆரோலேப் 1992 முதல் செயற்கை லென்ஸை மதுரையிலேயே செய்கிறது. புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் வழக்கமான லென்ஸுக்கு ஒரே வளைவுதான், உப்பவும் தெரியாது, தட்டையாகவும் தெரியாது. ஆபரேசன் முடிந்து வந்த அப்பாரு தூரத்துப் பஸ்ஸின் போர்டைப் படித்துவிட்டு, பேப்பரைப் பிரித்ததும் கண்ணாடியைத் தேடுவது அதனால்தான்.