பெயரும் உடையும் மொழியும்

'நான் யார்?' என ஒருவர் தம்மையே கேட்டுப் பெறும் விடை, தனிமனித அடையாளம். 'இவர் யார்?' என ஊரார் கேட்டுத் தாமே கூறிக்கொள்ளும் விடை, சமூக அடையாளம். இவ்விரு விடைகளும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. அவை முரண்படும்போது மனிதர் என்ன செய்கின்றனர் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடந்த இருநூறு ஆண்டு வரலாறு சிறந்த சான்றாகும்.

பெயர்

இன்று சாமித்தோப்பு என வழங்கும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டு பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் 'முடிசூடும் பெருமாள்' எனப் பெயரிட்டனர். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவர் மணிமுடியைக் குறிக்கும் பெயரைத் தாங்கலாகாது என எதிர்ப்பு எழவே, 'முத்துக்குட்டி' எனப் பெயர் மாற்றப்பட்டது என்பர். அவரே பின்னாளில் வைகுண்டர் என்னும் பெயரோடு மக்களை வழிநடத்தினார். முதற்பெயர் பெற்றோரின் விருப்பம். இரண்டாம் பெயர் சமூகம் விதித்த எல்லை. மூன்றாம் பெயர் அவ்வெல்லையைக் கடந்தது.

வைகுண்டர் தம் வழி வந்த ஆண்களைத் தலைப்பாகை அணிந்து வழிபடச் செய்தார். அவ்வழியினரின் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலைக்கு மாற்றாக நிலைக்கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. வழிபடச் செல்வோர் அதில் காண்பது தம் உருவத்தையே. இறை தம்முள்ளே உறைகிறது என்பது இதன் சமயப் பொருள். பிறர் இழிவாக நோக்கிய முகத்தைத் தாமே மதிப்புடன் நோக்கப் பழகுதல் இதன் சமூகப் பொருள் எனலாம்.

உடை

அக்காலத்தில் உடை என்பது அவரவர் விருப்பத்தைச் சார்ந்ததன்று. கண்டவுடன் சாதியை உணர்த்தும் குறியாக அது இருந்தது. மேலாடை அணியும் உரிமை ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அதனை எதிர்த்து 1822 முதல் எழுந்த கிளர்ச்சிகள் தோள்சீலைப் போராட்டம் எனப்படுகின்றன. 1859 சூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட ஆணை, நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைவளித்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடையும் அதில் இருந்தது. பெண்கள் வேண்டியது வேறுபாட்டின் நீக்கம். ஆணையோ வேறுபாட்டைப் புதிய வடிவில் நிலைநிறுத்தியது. சட்டத்தில் எஞ்சிய குறையை நீக்கப் பின்வந்த தலைமுறையினரும் உழைக்க வேண்டியிருந்தது.

மொழி

இருபதாம் நூற்றாண்டில் இம்மக்களிடையே மற்றோர் அடையாளம் முன்னே வந்தது. சாதி, சமய வேறுபாடுகளைக் கடந்து பலர் 'தமிழர்' என்னும் பெயரில் ஒன்றிணைந்தனர். மார்ஷல் நேசமணி முதலிய தலைவர்கள் வழிநடத்திய இப்போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று.

எல்லை மாறியதால் பழைய வாழ்க்கை முற்றிலும் மறைந்துவிடவில்லை. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளம் பேசுவோர் இன்றும் வாழ்கின்றனர். அங்குள்ளோரின் தமிழிலும் மலையாளச் சாயல் உண்டு. ஒருவரே ஊராலும் மொழியாலும் சமயத்தாலும் தொழிலாலும் பல அடையாளங்களைத் தாங்குகிறார். அவற்றுள் எது முன்னே நிற்கும் என்பதைக் காலமும் தேவையும் முடிவு செய்கின்றன.

நம் கடமை

அடையாளம் பிறப்போடு முடிந்துவிடுவதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. பிறர் சுமத்துவது, தாம் மறுப்பது, பலர் கூடிப் போராடிப் பெறுவது ஆகிய மூன்றாலும் அது உருவாகிறது. ஆயினும் புதியவர் ஒருவரிடம் பெயரைக் கேட்டபின், ஊரையும் தெருவையும் வினவி அவரது சாதியை அறிய முயலும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தம்மை இன்னார் என்று கூறிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உரியது. அவ்வாறு அவர் கூறும் விடையை மதித்து ஏற்பதே, அவ்வுரிமைக்காகத் துன்புற்ற முன்னோர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.