அரோவானா: ஓரினமா? நான்கினமா?

பண்டமாரான், கிள்ளான் வட்டாரத்தில் கடைகளின் முகப்பிலும் வீட்டுக் கூடத்திலும் கண்ணாடித் தொட்டிக்குள் வலம் வரும் அரோவானாவை அறியாதவர் குறைவு. பெரிய செதில்களும் தாடையில் இரு மீசைகளும் கொண்ட இம்மீனைச் சீனர்கள் டிராகனுக்கு ஒப்பிடுவர். செல்வம் சேரும் என்று நம்பி வளர்ப்பர். மலாய் மொழியில் இதற்குக் கெலிசா என்று பெயர்.

சிவப்பு, தங்கம், பச்சை என்று விற்கப்படும் இவை யாவும் ஓரினமா, வெவ்வேறு இனங்களா? ஆய்வாளர்களிடையே நிலவும் வழக்கு இதுதான்.

நெடுங்காலமாக எல்லா நிறத்துக்கும் ஸ்கிளிரோபேஜஸ் ஃபார்மோசஸ் என்ற ஒரே அறிவியல் பெயர்தான் இருந்தது. 2003-ஆம் ஆண்டில் பூயோ, சுடார்தோ, டெகல்ஸ் ஆகிய மூவர் உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இது நான்கு இனம் என்றனர். பழைய பெயர் பச்சை மீனுக்கு மட்டும் நின்றது. மேற்குக் கலிமந்தானின் சிவப்பு மீன், சுமத்ராவின் செவ்வால் தங்க மீன், வெள்ளி நிற மீன் ஆகியவை புதுப்பெயர் பெற்றன. பேராக், புக்கிட் மேரா ஏரிக்குப் பெருமை சேர்த்த மலேசியத் தங்கக் கெலிசாவுக்கோ தனிப்பெயர் கிடைக்கவில்லை.

2005-இல் கொட்டலாட், விட்ஜனார்த்தி இருவரும் இதை மறுத்தனர். தனி இனம் எனப்பட்ட மீன்களிடையே ஒரே மரபணு அடையாளம் காணப்படும்போது, அவை ஒன்றோடொன்று கலவாதவை என்று எப்படிச் சொல்வது? செஞ்சேவலும் வெண்சேவலும் கோழியினம்தானே! இன்று பெரும்பாலான மீன் பட்டியல்கள் ஓரினம் என்றே கொள்கின்றன.

பெயரில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிட முடியாது. ஓரினம் என்றால், ஓர் ஆற்றில் அற்றுப்போனாலும் வேறிடத்தில் உண்டு என்ற அலட்சியம் வரும். நான்கினம் என்றால், ஒவ்வொன்றின் இழப்பும் மீளா இழப்பு. ஆண் மீன் வாயில் அடைகாத்துச் சில பத்துக் குஞ்சுகளையே வளர்த்தெடுக்கும் இம்மீன், பிடித்த வேகத்தில் பெருகாது. பெயர் எதுவாயினும், அந்தந்த ஆற்றின் மீனை அங்கேயே காப்பதுதான் அறிவுடைமை.

1975 முதல் சைட்டஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இம்மீன் உள்ளது. காட்டு மீனை நாடுகளுக்கிடையே விற்கத் தடை. பதிவு பெற்ற பண்ணைகளில் வளர்த்த மீனுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே வாங்குவோர் நிறத்தையும் ராசியையும் பார்க்குமுன், மீனின் உடலில் பொருத்திய மைக்ரோசிப் எண் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.