மீனுக்குப் பார்த்துச் செடி வையுங்கள்

மீன் தொட்டியில் பிளாஸ்டிக் செடியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நாலு நிஜச் செடி வாங்கி நட்டால் என்ன என்று தோன்றாத வீடு இல்லை. கடையில் பார்க்கும்போது பச்சைப்பசேலென்று மனசை அள்ளும். ஆசையாக நட்டுவிட்டுப் படுத்து, காலையில் காப்பி போட எழுந்து பார்த்தால் அத்தனையும் தண்ணீர் மேல் மிதக்கும்! குழந்தைகள் ஒரு பக்கம் அழ, போன பணத்தை நினைத்து நமக்கு வயிற்றெரிச்சல். அதோடு போகிறதா? பிடுங்கிப்போட்ட செடி அழுகினால் தண்ணீர் கெட்டு மீனுக்கே ஆபத்து.

இப்படிச் செய்கிற மீன்களில் பல 'சிக்லிட்' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர் புதிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் ஜிலேபி மீன் இந்தக் குடும்பம்தான். கேரளத்துக் கரிமீனும் இதேதான். தொட்டியில் வளர்க்கும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன், நீலமும் மஞ்சளுமாக மின்னும் ஆப்பிரிக்க மீன்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பங்காளிகள். கோல்டு ஃபிஷ் இந்தக் கூட்டத்தில் சேராது. அது கெண்டை வம்சம். அதுவும் செடியை மேயும் என்பது வேறு விஷயம்!

சிக்லிட் செடியைப் பிடுங்குவது விஷமத்தனம் இல்லை. முட்டையையும் குஞ்சையும் காவல் காத்து வளர்க்கிற ஜாதி அது. முட்டையிடும் நாள் நெருங்கினால் மணலில் குழி பறிக்கும், கல்லைச் சுத்தம் செய்யும், குறுக்கே நிற்கும் செடியை வாயால் கவ்வி இழுத்து எறியும். பெண் பிரசவத்துக்கு வருகிறாள் என்றால் நாம் ஓர் அறையை ஒழித்துப் போடுவதில்லையா, அது மாதிரி! சில ஜாதிகள் மணலை வாயில் அள்ளிச் சலித்துத் தீனி தேடும். இன்னும் சிலதுக்குச் செடியே சாப்பாடு. நம் வீட்டு மீன் இதில் எந்த ரகம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் செடிக்குக் காசை எடுக்க வேண்டும்.

செடியோடு ஒத்துப்போவதில் ஏஞ்சலுக்குத்தான் என் முதல் மார்க். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி அதன் பிறந்த வீடு. அந்தத் தட்டையான உடம்பு தண்டுகளுக்கும் இலைகளுக்கும் நடுவே நழுவிப் போக வாகாக இருக்கிறது. அகலமான இலை கிடைத்தால் அதிலேயே முட்டையை வரிசையாக ஒட்டி வைக்கும். அமேசான் ஸ்வார்ட் என்ற செடி இதற்கு வெகு பொருத்தம். டிஸ்கஸ் மீனும் அதே ஊர்தான், ஆனால் அதற்கு 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். அந்தச் சூட்டை எல்லாச் செடியும் தாங்காது. ஸ்வார்ட் தாங்கும். டிஸ்கஸ் குஞ்சுகள் முதலில் தின்பது பெற்றோரின் உடம்பில் சுரக்கும் ஒருவித வழவழப்பைத்தான். தாய் மட்டுமில்லை, தகப்பனும் ஊட்டுகிறது!

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களின் கதை வேறு. பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்று பழகியவை நிறைய. மெல்லிய இலையைக் கண்டால் விடாது. அந்த ஏரியில் தண்ணீர் கடினமானது. நம்மில் பலர் வீட்டு போர் தண்ணீரும் அப்படித்தானே! சோப்பு நுரைக்காமல், பருப்பு வேகாமல், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் நமக்குத் தலைவலி என்றாலும் மலாவி மீனுக்கு இதம். அந்தத் தண்ணீரில் நாடா மாதிரி நீளும் வாலிஸ்னேரியா நன்றாக வளரும். மலாவி ஏரியிலேயே அது உண்டு. வேர் பிடிக்கும்வரை அடியைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்குங்கள். தோல் நீக்கிய வெந்த பட்டாணி, வெந்நீரில் வாட்டிய பசலைக்கீரை கொஞ்சம் போட்டு வந்தால் செடியின் பக்கம் போவது குறையும். மிச்சத்தை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும்.

ஆஸ்காரும் ஃபிளவர்ஹார்னும் இருக்கிற தொட்டியில் மண்ணில் எதையும் நடாதீர்கள். நட்டால் நிற்காது, அவ்வளவுதான். அதிர்ஷ்ட மீன் என்று சொல்லி விற்கிறார்கள், செடிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது! இவற்றுக்கும் முரட்டு ஆப்பிரிக்க மீன்களுக்கும் கட்டி வைக்கும் செடிதான் கை கொடுக்கும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் இந்த ரகம். அனுபியாஸ் இலை தோல் மாதிரி தடிப்பாக இருக்கும். இரண்டையும் பெரும்பாலான மீன்கள் கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும். இவற்றின் தண்டு மஞ்சள் கிழங்கு போலப் படுத்திருக்கும். அதை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். நல்ல கனமான கல்லின்மேல் வைத்து, பருத்தி நூலால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். நூல் இற்றுப் போவதற்குள் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அனுபியாஸ் அசமந்தம், ஒரு புது இலை வரவே வாரக்கணக்கில் ஆகும். அதற்காக விளக்கைக் கூட்டிப் போட்டால் இலைமேல் பாசிதான் ஏறும். ஜாவா ஃபெர்னின் இலையடியில் கறுப்புப் புள்ளிகள் தோன்றினால் நோய் என்று கிள்ளி எறியாதீர்கள். நம் ரணகள்ளி இலை ஓரத்தில் குட்டி போடுமே, அதுபோல இதன் இலையிலும் குட்டிச் செடி முளைக்கும்.

இன்னொரு சிக்கனமான வழி நம் மணி பிளாண்ட். வேர் மட்டும் தண்ணீரில், இலையெல்லாம் வெளியே இருக்கும்படி தொட்டியின் விளிம்பில் தொங்கவிடுங்கள். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை அது இழுத்துக்கொண்டு தளதளவென்று வளரும். வேரைக் கடிக்கிற மீனாக இருந்தால் ஃபில்டர் பெட்டிக்குள் வேரை விடலாம்.

எந்தச் செடியானாலும் வாங்கி வந்ததும் நேராகத் தொட்டியில் போட வேண்டாம். வெளிர் ரோஸ் நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்துப் பத்து நிமிஷம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். நத்தை முட்டைக்கு மட்டும் இது போதாது, வழவழவென்று இலையில் ஒட்டியிருந்தால் விரலால் வழித்தெடுக்க வேண்டும். விளக்கு தினம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் தண்ணீர் பச்சையாகிவிடும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடாதீர்கள். மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி காயம் வழியாக ஏறி, மாசக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கக்கூடும். குழந்தைகள் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

செடி மண்டிவிட்டது, மீன் பெரிதாகிவிட்டது என்று பக்கத்து ஏரியிலோ கோவில் குளத்திலோ கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். புண்ணியம் என்றுகூட நினைக்கிறார்கள்! ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஜிலேபி மீன் 1952-இல் நம் நாட்டுக்கு வந்தது. இன்று எத்தனையோ ஏரிகளில் வலை வீசினால் அதுதான் வருகிறது, நாட்டு மீன்கள் ஒதுங்கிப் போயின. அதிகப்படிச் செடியை வெயிலில் காயவைத்து ரோஜாத் தொட்டிக்கு எருவாகப் போடுங்கள். மீனை வாங்கின கடையிலேயே கேட்டுப் பாருங்கள், திருப்பி எடுத்துக்கொள்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.