நிலம் கொஞ்சம், கடல் ஏராளம்: சீஷெல்ஸ் பிழைக்கும் விதம்

1981 நவம்பர் 25. ஸ்வாசிலாந்திலிருந்து வந்த ஒரு விமானம் சீஷெல்ஸ் நாட்டின் மாஹே தீவில் இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். தாங்கள் ஒரு பீர் பிரியர்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், அநாதைக் குழந்தைகளுக்குப் பொம்மை கொண்டுவந்திருக்கிறோம் என்றார்கள். ஒவ்வொருவராகச் சுங்கச் சோதனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பையைத் துழாவிய அதிகாரியின் கையில் ஏ.கே. 47 துப்பாக்கி சிக்கியது. வந்தவர்கள் மைக் ஹோர் என்பவரின் கூலிப்படை. ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள். விமான நிலையத்திலேயே துப்பாக்கிச் சண்டை மூண்டது. பம்பாய்க்குப் போகும் வழியில் அந்நேரம் பார்த்து அங்கே வந்திறங்கிய ஏர் இந்தியா போயிங் விமானத்தைக் கடத்திக்கொண்டு, கூலிப்படையில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தப்பினார்கள். பயணிகள் பத்திரமாகத் திரும்பினார்கள்.

அன்றைக்கு அந்த நாட்டின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இன்றும் சுமார் 1.2 லட்சம்தான், ஆப்பிரிக்காவிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு அது. எண்ணெயோ தங்கமோ அங்கே கிடையாது. அப்புறம் ஏன் அதைப் பிடிக்க ஆள் அனுப்பினார்கள்? பதில் வரைபடத்தில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, கப்பல்கள் போகும் வழியில் சிதறிக் கிடக்கின்றன சீஷெல்ஸின் 115 தீவுகள். எல்லாத் தீவுகளையும் கூட்டினால் நிலப்பரப்பு ஏறத்தாழ 455 சதுர கிலோமீட்டர். ஆனால் கடல் சட்டப்படி அந்நாட்டுக்கு உரிமையுள்ள கடற்பரப்பு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். நிலத்தைப் போல ஏறத்தாழ 3,000 மடங்கு கடல். அந்த நாட்டின் வருமானம், கடன், அரசியல், அச்சம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கணக்கே அடிப்படை.

இந்தியாவிலிருந்து பிய்ந்த பாறை

நடுக்கடலில் இருக்கும் தீவு என்றால் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு இறுகியதாக இருக்கும், இல்லாவிட்டால் பவளப் பாறையாக இருக்கும். சீஷெல்ஸில் பவளத் தீவுகளும் உண்டு. ஆனால் மாஹே, பிரலன், லா தீக் முதலிய உள்தீவுகள் கருங்கல். சுமார் 75 கோடி ஆண்டுப் பழமையான பாறை. கண்டங்களில் காணப்படும் கருங்கல் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் நிற்பதற்குக் காரணம், அது ஒரு காலத்தில் கண்டமாகவே இருந்ததுதான். மடகாஸ்கரை விட்டு இந்தியத் துணைக்கண்டம் வடக்கே நகர்ந்தபோது இந்தத் துண்டும் நம்மோடு ஒட்டியிருந்தது. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்த காலத்தையொட்டி, பிய்ந்து அங்கேயே தங்கிவிட்டது.

இதற்கு உயிருள்ள சாட்சி தவளைகள். உப்புத் தண்ணீரில் தவளை நீந்திக் கடக்காது. மாஹே காடுகளில் சருகுக்கடியில் வாழும் குட்டித் தவளைகளில் ஒன்று ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம்தான்; அதற்கு நடுக்காது கிடையாது, வாய்க்குழி வழியாக ஒலியை உணர்கிறது என்று 2013-ல் கண்டறிந்தார்கள். இந்தத் தவளைக் குடும்பத்துக்கு உலகிலேயே நெருங்கிய உறவு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கிடந்து மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் பன்றிமூக்குத் தவளை அது. 2003-ல் கேரளத்தின் இடுக்கிப் பகுதியிலிருந்து முதல் இனம் விவரிக்கப்பட்டது. 2017-ல் இரண்டாவது இனம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கிடைத்தது. ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

பிரலன் தீவின் வாலே டி மே பள்ளத்தாக்கில் வளரும் கடல் தேங்காய் சீஷெல்ஸைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ஒரு காய் 20 கிலோவைக்கூடத் தாண்டலாம். உள்ளே இருப்பது உலகின் மிகப் பெரிய விதை. மரம் எங்கே இருக்கிறது என்று தெரியாத காலத்தில் வெற்றுக் கொட்டைகள் மாலத்தீவிலும் இந்தியக் கரைகளிலும் ஒதுங்கின. கடலுக்கடியில் காய்ப்பது என்று நம்பினார்கள். ஃபக்கீர்களின் திருவோடுகள் பலவும் இதன் ஓட்டில் செய்தவைதான்.

உள்தீவுகள் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் புயல் அபூர்வம். பக்கத்து மடகாஸ்கரும் மொரிஷியஸும் ஆண்டுதோறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, சீஷெல்ஸுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் 1998-ல் கடல்நீர் சூடேறியதில் உள்தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. 2016-ல் மறுபடியும். கரைக்கு அரண் அந்தப் பவளம்தான்.

பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் மாஹேயில்தான் வசிக்கிறார்கள். நடுவில் 905 மீட்டர் மலை, ஓரத்தில் குறுகிய சமவெளி. இடம் போதாமல் கிழக்குக் கரையில் கடலைத் தூர்த்து விமான நிலையம், குடியிருப்புகள், துறைமுகப் பகுதி என்று கட்டிக்கொண்டே போகிறார்கள்.

பூர்வகுடி இல்லாத நாடு

1770 வரை அங்கே நிரந்தரக் குடியேற்றமே கிடையாது. அந்த ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாஹேக்கு எதிரே செயின்ட் ஆன் தீவில் கொண்டுவந்து இறக்கிய முதல் 28 பேரில் ஐந்து பேர் இந்தியர்கள். பதிவேட்டில் ‘மலபாரிகள்’ என்று இருக்கிறது. அந்தக் காலப் பிரெஞ்சு ஏடுகள் தென்னிந்தியர்களை, தமிழர்களையும் சேர்த்து, அப்படித்தான் எழுதின. தோட்ட வேலைக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். நெப்போலியன் போர்களுக்குப் பிறகு தீவுகள் பிரிட்டனின் கைக்கு மாறின. நிலமும் மொழியும் மதமும் பிரெஞ்சுச் சாயலிலேயே இருக்க, நிர்வாகம் மட்டும் ஆங்கிலேயருடையது. இன்றும் கிரியோல், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் தேசிய மொழிகள். வீட்டிலும் தெருவிலும் கிரியோல்தான்.

தமிழர்கள் பிற்பாடு வணிகர்களாகவும் வந்தார்கள். பிள்ளை என்ற குடும்பப் பெயர் அங்கே சகஜம். பலர் கத்தோலிக்கர்கள், தமிழ் பேச வராது. தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, தைப்பூசக் காவடி அந்நகரத் தெருவில் போகிறது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி மீன் சந்தை. ஆள் உயர மீன்களை வெட்டும் மேடைக்கு அடியிலும் கூரையிலும் கொக்குகள் காத்து நிற்கும், கழிவு விழுந்ததும் பாய்வதற்கு. இலவங்கப்பட்டை இலை போட்டு, தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்த கணவாய்க் குழம்பும் பேய்க்கணவாய்க் குழம்பும் அந்த ஊரின் அன்றாடச் சமையல். அதன் பெயரே ‘காரி’.

ஒரு விமான ஓடுபாதை

1971 வரை மாஹேக்குப் போக வேண்டுமென்றால் கப்பல்தான். கொப்பரையும் இலவங்கப்பட்டையும் ஏற்றுமதி, மற்றதெல்லாம் வறுமை. அந்த ஆண்டு விமான நிலையம் வந்தது. வந்த கதை கவனிக்கத்தக்கது. 1965-ல் பிரிட்டன் தன் புதிய ‘இந்தியப் பெருங்கடல் பிரதேசம்’ என்ற அமைப்புக்காக மொரிஷியஸிடமிருந்து சாகோஸ் தீவுகளையும் சீஷெல்ஸிடமிருந்து அல்டாப்ரா உள்ளிட்ட மூன்று தீவுக் கூட்டங்களையும் பிரித்தெடுத்தது. அதற்கு ஈடாகக் கட்டித்தந்ததுதான் இந்த விமான நிலையம். அல்டாப்ராவில் விமானப்படைத் தளம் கட்டுவதாக இருந்தது. ராட்சத ஆமைகள் அழியும் என்று விஞ்ஞானிகள் போர்க்கொடி தூக்கினார்கள். பிரிட்டனுக்குப் பணமுடையும் சேர்ந்துகொள்ள, 1967-ல் திட்டம் கைவிடப்பட்டது. சாகோஸின் டியேகோ கார்சியாவிலோ அமெரிக்கத் தளம் எழுந்தது, அங்கே வாழ்ந்த மக்கள் துரத்தப்பட்டார்கள். ஆமைகளுக்காகப் பேச லண்டனில் ஆள் இருந்தார்கள். அந்த மனிதர்களுக்காகப் பேச அன்று யாருமில்லை.

விமானம் வந்ததும் சுற்றுலா வந்தது. 2019-ல் 3.8 லட்சம் பயணிகள், மக்கள்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2020-ல் கொரோனாவால் அது 1.15 லட்சமாகச் சரிந்தது. உணவு முதல் சிமென்ட் வரை பெரும்பாலானவற்றை இறக்குமதி செய்யும் நாட்டில் பயணி வராவிட்டால் டாலர் வராது, டாலர் வராவிட்டால் சந்தையில் அரிசி விலை ஏறும். அதனால்தான் 2021 தொடக்கத்தில் ஐக்கிய அரபு அமீரகமும் இந்தியாவும் தந்த தடுப்பூசிகளை உலகிலேயே மிக வேகமாகப் போட்டு முடித்த நாடுகளில் ஒன்றாக சீஷெல்ஸ் இருந்தது.

இரண்டாவது தூண் சூரை மீன். ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டு ராட்சத வலைக் கப்பல்கள் உரிமக் கட்டணம் கட்டிப் பிடிக்கும் மீன் விக்டோரியா துறைமுகத்தில் இறங்குகிறது. அங்குள்ள டப்பா மீன் தொழிற்சாலையில் தாய்லாந்தின் தாய் யூனியன் நிறுவனத்துக்கு 60 சதவீதப் பங்கு, அரசுக்கு 40. வேலை செய்வோரில் நிறையப் பேர் வெளிநாட்டினர். மூன்றாவது தொழில், வெளிநாட்டார் பெயரளவில் நிறுவனம் பதிவு செய்துகொள்ள இடம் தருவது. அதில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கறுப்புப் பட்டியலில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது.

2008-ல் கணக்கு கைமீறிப் போனது. கல்வி, மருத்துவம் இலவசம், மாற்று விகிதத்தைப் பிடித்துவைத்த சீஷெல்ஸ் ரூபாய், எண்ணெய் விலை ஏற்றம் எல்லாம் சேர, வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. சர்வதேச நிதியத்திடம் போய், ரூபாயை மிதக்கவிட, அதன் மதிப்பு பாதியாகச் சரிந்தது. அதன் பிறகு வந்ததுதான் உலகமே மெச்சும் கடன் மாற்றுத் திட்டம். பணக்கார நாடுகளுக்குத் தரவேண்டிய கடனில் 2.16 கோடி டாலரை நேச்சர் கன்சர்வன்சி என்ற அமெரிக்க அமைப்பின் ஏற்பாட்டில் அடைத்தார்கள். அந்தத் தவணையை சீஷெல்ஸ் இனி உள்நாட்டு அறக்கட்டளை ஒன்றுக்குக் கட்டும்; பதிலுக்குத் தன் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாக்க வேண்டும். 2020 மார்ச்சில் அந்த 30 சதவீதம் சட்டமானது. தொகையைப் பார்த்தால் சிறியது. கடன் சுமையை அது தீர்க்கவில்லை. எந்தக் கடலில் யார் என்ன செய்யலாம் என்று வரைபடம் போடவைத்ததே அதன் நிஜப் பலன்.

வரைபடம் போட்டால் போதுமா, காவல் காக்க வேண்டாமா? கடலோரக் காவல் படையின் கப்பல்களில் பல இந்தியா அன்பளிப்பாகத் தந்தவை. 2005-ல் கொடுத்த ‘டோபாஸ்’ 2010-ல் சோமாலியக் கொள்ளையரோடு மோதியது. கொள்ளையர் போனபின் ஹெராயின் வந்தது. வேலை செய்யும் வயதினரில் பத்தில் ஒருவர் அதற்கு அடிமை என்று அரசுத் தரப்பே சொல்லும் நிலை. கடற்கரைப் படங்களைப் போடும் சுற்றுலா மலர்களில் இந்த வரி வராது.

193 வாக்கு

1976 ஜூன் 29-ல் விடுதலை. முதல் அதிபர் ஜேம்ஸ் மான்சம், பிரதமர் ஆல்பர்ட் ரெனே. ஓராண்டுகூட முடியவில்லை, மான்சம் காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டன் போயிருந்தபோது ரெனேயின் ஆட்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஒரே கட்சி ஆட்சி 1990-களின் தொடக்கம் வரை நீடித்தது. பள்ளி, மருத்துவமனை, வீடு கொடுத்தவர் ரெனே. எதிர்த்தவர்களைச் சிறைக்கும் நாட்டுக்கு வெளியேயும் அனுப்பியவரும் அவரே. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவரை நம்ப வேண்டாம்.

1993-ன் அரசியல் சட்டம்தான் இப்போது நடைமுறையில் உள்ளது. அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், இல்லையேல் இரண்டாம் சுற்று. ஐந்தாண்டுப் பதவி, இரண்டு முறைதான். தேசிய அவைக்கு 26 பேர் தொகுதிவாரியாகவும் மீதிப் பேர் கட்சிகளின் வாக்கு விகிதப்படியும் வருகிறார்கள். அமைச்சர்கள் அவையின் உறுப்பினர்களாக இருக்கக் கூடாது, அவையின் ஒப்புதல் மட்டும் பெற வேண்டும்.

2015 டிசம்பரில் ஆளும்கட்சியின் ஜேம்ஸ் மிஷேல் 193 வாக்கு வித்தியாசத்தில் அதிபரானார். ஒரு தெருவின் வாக்கு அது. தோற்றவர் வேவல் ராம்கலவான், ஆங்கிலிகன் பாதிரியார். 2020-ல் அவர் வென்றபோது 43 ஆண்டுக்குப் பிறகு ஆட்சி கைமாறியது. ஒரு கண்ணாடிகூட உடையாமல் பதவியேற்பு நடந்தது. 2025 அக்டோபரில் பழைய ஆளும்கட்சியின் பாட்ரிக் ஹெர்மினி அவரைத் தோற்கடித்தார். அந்தக் கைமாற்றமும் அமைதியாகவே முடிந்தது.

அந்தத் தேர்தலில் பேசப்பட்ட விஷயங்களில் ஒன்று அசம்ஷன் தீவு. தலைநகரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒரு லட்சம் ராட்சத ஆமைகள் வாழும் அல்டாப்ராவுக்கு முப்பது கிலோமீட்டருக்குள் இருப்பது. அங்கே விமான ஓடுதளமும் கடற்படை வசதியும் கட்ட இந்தியா 2015-லும் 2018-லும் ஒப்பந்தம் போட்டது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், அவை ஒப்புதல் தரவில்லை, திட்டம் நின்றது. பிறகு அதே தீவில் கத்தார் முதலீட்டில் சொகுசு விடுதி கட்ட அனுமதி கிடைத்தது. அசம்ஷனில் யாரோ கொண்டுவந்து விட்ட செம்மீசைச் சின்னான் பறவைகள் அல்டாப்ராவுக்குப் பரவிவிடக் கூடாது என்று, ஆயிரக்கணக்கில் சுட்டும் வலைபோட்டும் பல ஆண்டு பாடுபட்டு ஒழித்த நாடு அது. விடுதிக்கு வரும் படகிலும் கட்டுமானப் பொருளிலும் எலி, விதை, பூச்சி என்று எது வேண்டுமானாலும் வரும். கடற்படைத் தளத்துக்கு மறுப்பு சொன்ன நாடு நட்சத்திர விடுதிக்குத் தலையாட்டியது தவறான முடிவு. கடன்கார நாட்டின் முடிவு.