பிசகின் விலை

யமஹா நிறுவனம் 1970களின் நடுவில் ஜிஎக்ஸ்-1 என்றொரு அனலாக் சிந்தசைசர் ஆர்கனைக் கொண்டுவந்தது. அடுக்கடுக்காய் விசைப்பலகைகள், காலுக்கு மிதிகட்டைகள். எடை சுமார் 300 கிலோ, விலை அன்றைக்கே சுமார் 60,000 டாலர். ஸ்டீவி வொண்டர், கீத் எமர்சன் போன்ற சிலரிடம்தான் அது போய்ச் சேர்ந்தது.

அனலாக்கில் ஒலி என்பது எண் அல்ல, மின்னழுத்தம். சூடேறினால் சுருதி நகர்ந்துவிடும். வாசிக்கிறவருக்கு அது தலைவலி. 1983இல் அதே யமஹாவின் டிஜிட்டல் கருவியான டிஎக்ஸ்7 வந்தது. சுருதி பிசகாது, ஒரு ஆளே தூக்கிக்கொண்டு போகலாம். அனலாக் எல்லாம் பழசாயிற்று.

இன்று சேகரிப்பாளர்கள் காசு கொட்டுவது அந்தப் பிசகுக்குத்தான். பழமை மோகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இயந்திரப் பிரதியாக்கத்தில் கலைப்படைப்பின் 'ஒளிவட்டம்' மங்குகிறது என்று 1930களில் எழுதினார் வால்டர் பெஞ்சமின். இங்கே நடப்பது தலைகீழ். ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு கருவிகள், நாற்பது வருஷம் கழித்து இரண்டு குரலில் பேசுகின்றன. பிரதியே மூலமாகிவிடுகிறது.

சேகரிப்பாளர் பொருளைப் பயன்பாட்டுச் சுமையிலிருந்து விடுவிக்கிறார் என்றும் பெஞ்சமின் சொன்னார். சரி, விடுவித்து? வாசிக்காமல் பூட்டி வைத்தால் கண்டென்சர் காயும், தொடுமுனைகளில் களிம்பேறும். சால்டரிங் அயர்னோடு குனிந்து ஒரு தொழிலாளி அதற்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டியிருக்கிறது. அபூர்வம் என்று நாம் வியப்பதில் அவர் உழைப்பும் அடக்கம். ஆனால் விலையை ஏற்றுவது முன்பு வாசித்த நட்சத்திரத்தின் பெயர். சரக்கின் மாயம் என்று மார்க்ஸ் சொன்னது இதைத்தானே?