உருகாத தோல்

1957இல் பிரிட்டனில் அறிமுகமான லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். இப்படிக் கார் கட்டுவோர் அங்கே இன்றும் உண்டு. சிலர் இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி பெட்ரோல் தொட்டியையும் அலுமினியத் தகட்டில் செய்துகொள்கிறார்கள். எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்துக்கு என்பதால் எடை குறையும்.

தகட்டை வெட்டி மடிப்பது எளிது. பற்றவைப்பதில்தான் சிக்கல். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் ஆக்சைடு படலம் உருகவோ 2,000 பாகைக்கு மேல் வேண்டும்! உள்ளே உலோகம் உருகினாலும் மேல்தோல் உருகாமல் நிற்பதால் விளிம்புகள் ஒன்றுசேரா. ஆகவே, முதலில் துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் படலத்தைத் தேய்த்து எடுக்கிறார்கள். பிறகு மாறுதிசை மின்னோட்டத்தால் பற்றவைக்கிறார்கள். மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது மிச்சப் படலம் சிதறுகிறது. மறுதிசையில் பாயும்போது வெப்பம் உலோகத்துக்குள் இறங்குகிறது. சுற்றிலும் பாயும் ஆர்கன் வாயு, புதிய படலம் உருவாகாமல் காக்கிறது. பதினெட்டாம் தொகுதியின் 'சோம்பேறி' வாயுவுக்கும் வேலை இருக்கிறது, பார்த்தீர்களா?

தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளும் உண்டு. வளைவுகளில் பெட்ரோல் ஒரே பக்கம் ஒதுங்கினால் இயந்திரம் திணறும்.

கடைசியில் சிறிதளவு காற்றை அடைத்து, பற்றவைத்த இடமெங்கும் சோப்பு நீர் பூசுகிறார்கள். குமிழி எழுந்தால் கசிவு. பெட்ரோல் ஊற்றும் முன்பே இச்சோதனையை முடித்துவிட வேண்டும். பெட்ரோல் பட்ட தொட்டி காலியானாலும் உள்ளே ஆவி தங்கும். அது காற்றோடு கலந்திருக்கையில் ஒரு தீப்பொறி பட்டாலே வெடித்துவிடும்.