பாலைநிலத்து மாலைமதி

பாலைநிலத்தை முதன்முறை காண்பார்க்கு அங்கே புலப்படுவது இன்மையே. மரம் அரிது, நீர் அரிது, கண் தங்குதற்கு ஓரிடமில்லை. ஆயின், பொருள்கள் அருகிய அவ்விடத்தில் ஒளியே பொருளாகி நிற்கின்றது. வறண்ட காற்றினூடே தொலைமலையும் தெளிவுறத் தோன்றும். சாய்ந்த வெயில் சிறு மேட்டிற்கும் நெடுநிழல் நல்கும். அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ் (1902–1984) இவ்வொளியை நாடி அந்நாட்டின் தென்மேற்குப் பகுதிக்குப் பன்முறை சென்றவர்.

1941 நவம்பர் 1 ஆம் திகதி, நியூ மெக்சிக்கோவின் வறண்ட உயர்நிலத்தில் அவர் பகலெல்லாம் முயன்றும் மனத்திற்கிசைந்த படம் அதிகம் வாய்த்திலது. ஆற்றருகே நின்ற ஓர் அடிமரம் அவரைப் பெரிதும் சோர்வுறச் செய்தது. மாலையில் சந்தா ஃபே நகர் நோக்கி மீளுங்கால், ஹேர்ணாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் மதி எழுதலையும், இடுகாட்டின் வெண்சிலுவைகள் மறையும் ஞாயிற்றொளியில் மின்னுதலையும் கண்டார். காரை நிறுத்திப் பெரிய கமராவை விரைந்து பொருத்தினார். ஒளியளக்குங் கருவியோ தேடியும் அகப்படவில்லை.

கணத்திற் பிறக்கும் இத்தகைய காட்சியை அருளென்று கூறிவிடுதல் எளிது. அருள் வந்தபோது அதனை ஏற்றது யாது என்பதே ஆராயத்தக்கது. சந்திரனின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுதிரி என்னும் அளவு அவர் நினைவில் இருந்தது. மதியும் ஞாயிற்றின் ஒளியையே பெற்று நிற்பதாகலின், நிறைமதியை அடுத்த நாட்களில் அவ்வளவு பெரிதும் வேறுபடாது. அதனை அடிப்படையாக வைத்து மனக்கணக்கிட்டு, வில்லையின் துளையை 32 ஆம் எண்ணிற்குச் சுருக்கி, ஒரு செக்கன் ஒளி புகவிட்டார். முன்னிலம் எவ்வாறேனும் பதியுமென்பது நம்பிக்கை மாத்திரமே. மற்றொரு படம் எடுப்பதற்கு ஆயத்தஞ் செய்யுமுன் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றுவிட்டது.

அடம்ஸ் நாட்குறிப்பில் கருத்தில்லாதவர். இப்படத்தின் ஆண்டையே பலவாறு கூறினார். படத்திலுள்ள மதியின் நிலையைக் கணித்து வானியலார் பின்னர் நாளை வரையறுத்தமை சுவையான செய்தியாகும்.

பணி அம்மாலையோடு முடிந்ததுமன்று. நெகட்டிவின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்தமையால் 1948 இல் இரசாயன முறையால் அதனை வலுப்படுத்தினார். இளமையிற் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்பிற்கும் அதிலிருந்து எடுக்கும் பிரதியை அதன் வாசிப்பிற்கும் ஒப்பிடுவார். பல ஆண்டுகளாக ஒரே நெகட்டிவிலிருந்து பிரதிகள் எடுத்தார். முந்திய பிரதிகளில் வானம் வெளிறி, மெல்லிய முகிற்கீற்றுக்களோடு காணப்படுகின்றது. பிந்தியவற்றில் அக்கீற்றுக்கள் மறைய, வானம் ஏறக்குறைய முற்றிலும் கருமையுற்றது.